கட்டிய பணமும் கைக்கு வராத பணமும்: திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருப்பூர் பின்னலாடை நிறுவன உரிமையாளர்கள், எச்.ஆர். அலுவலர்கள், ஆள் எடுத்துத் தரும் கான்ட்ராக்டர்கள்
பார்வைக்கு: தமிழ்நாடு அரசு தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு

வணக்கம்.

பி.எஃப். பணம் வரவில்லை என்று ஊருக்குத் திரும்பிய தொழிலாளி போன் செய்தால், கம்பெனி பணமே கட்டவில்லை போலிருக்கிறது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். திறந்து பார்த்தால் பல நேரம் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியிருப்பார்கள். பி.எஃப். பாஸ்புக்கில் தொகை தெரியும், எடுக்கத்தான் முடியாது. பெயரில் ஓர் எழுத்து, விலகிய தேதி நிரப்பாத ஒரு கட்டம், இப்போது வேறு யாரிடமோ இருக்கும் ஒரு செல்போன் எண், இவற்றில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கும். பணம் கட்டாத கம்பெனி மேல் புகார் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. கட்டிய கம்பெனியின் கவனக்குறைவுக்கு எந்தப் படிவமும் இல்லை. ஆகவே, ஒழுங்காகக் கட்டுகிற உங்களுக்கே எழுதுகிறோம்.

எவ்வளவு பணம் என்று முதலில் கணக்குப் போட்டுவிடலாம். பி.எஃப். பிடித்தத்துக்கு எடுக்கும் மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். தொழிலாளியிடம் பிடிக்கும் 12 சதவீதம் 1,440. நீங்கள் போடும் 1,440இல் 8.33 சதவீதப் பங்கான 1,000 ரூபாய் பென்ஷனுக்குப் போகிறது, மீதி 440 பி.எஃப். கணக்கில் சேர்கிறது. ஆக மாதம் 1,880. இரண்டு வருடத்தில் 45,120, வட்டி தனி. 2024–25க்கு வட்டி 8.25 சதவீதம். பென்ஷன் பக்கத்தில் இரண்டு வருடச் சேவைக்குத் திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ 24,000. எல்லாம் சேர்த்தால் 70,000 ரூபாயைத் தாண்டும். ஒடிசாவின் மயூர்பஞ்சிலோ ஜார்க்கண்டின் கும்லாவிலோ ஒரு குடும்பம் வீட்டுக்குக் கூரை மாற்றப் போதுமான பணம், ஒரு எழுத்துப் பிழையில் வருடக்கணக்காகக் கிடக்கிறது.

பி.எஃப்., இ.எஸ்.ஐ., வங்கி, ரேஷன் எல்லாமே இப்போது ஆதாரையும் ஒரு செல்போன் எண்ணையும் பிடித்துத் தொங்குகின்றன. ஒரே ஊரில், ஒரே எண்ணோடு, ஒரே வேலையில் பத்து வருடம் இருப்பவருக்கு இது சௌகரியம்தான். திருப்பூரில் எட்டு மாதம், நடவுக்கு ஊர், பிறகு பெங்களூருவில் செக்யூரிட்டி வேலை, மறுபடி திருப்பூர் என்று சுற்றுகிறவருக்கு ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் ஏதோ ஓர் இணைப்பு அறுந்துபோகிறது. ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சரிசெய்வது கடினம். ஆளும் கம்பெனிப் பதிவும் ஒரே மேசையில் சந்திப்பது இரண்டு நாட்களில் மட்டுமே: சேரும் நாள், கணக்கு முடிக்கும் நாள். அந்த இரண்டு நாளும் உங்கள் எச்.ஆர். மேசையில் நடக்க வேண்டிய வேலையைப் பற்றித்தான் இந்த மடலில் பெரும்பகுதி.

சேரும் நாளை எடுத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்ட் 1 முதல் பி.எஃப். கணக்குகளை ஆளோடு இணைக்கும் யுஏஎன் எண்ணைப் புதிதாக எடுக்க, அரசின் உமங் செயலியில் முகம் காட்ட வேண்டும். நேபாள, பூட்டான் குடிமக்களுக்கும் பன்னாட்டுப் பணியாளர் வகையினருக்கும் மட்டும் கம்பெனியே உருவாக்கும் பழைய முறை தொடர்கிறது. இது நல்ல மாற்றம்தான். முன்பு கிளார்க் அவசரத்தில் தட்டிய பெயரே பி.எஃப். பெயராகிவிடும், இப்போது ஆதாரில் இருப்பது அப்படியே வருகிறது. ஆனால் அதற்குமுன் ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி போகிறது. வேலை அங்கேதான் நின்றுபோகிறது. கையில் இருக்கும் சிம் ஒன்று, ஆதாரில் இருக்கும் எண் வேறொன்று. ஆதார் எடுத்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்திருப்பார். அல்லது ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் 90 நாள் கடந்து முடங்கி, பிறகு வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.

ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில், "யுஏஎன் அப்புறம் பாத்துக்கலாம், ஆளை மெஷின்ல உக்கார வை" என்ற குரல்தான் ஜெயிக்கும். அந்த அப்புறம் மூன்று மாதம்கூட ஆகலாம். அந்த மூன்று மாதச் சேவை எந்தப் பதிவிலும் ஏறாது.

ஆதாரில் எண்ணை மாற்ற ஊருக்குப் போக வேண்டியதில்லை. இதை உங்கள் சூப்பர்வைசர்களே தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எண் மாற்றத்துக்கு முகவரிச் சான்றோ வேறு ஆவணமோ வேண்டாம். ஆள் நேரில் வந்து விரலோ கண்ணோ வைத்தால் போதும். நாட்டின் எந்த ஆதார் மையத்திலும் செய்யலாம். கட்டணம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் ஏற்பாட்டில் தபால்காரர்கள் கையடக்கக் கருவியோடு வந்தே இந்த எண் மாற்றத்தைச் செய்து தருகிறார்கள். இருபது பேர் புதிதாகச் சேர்ந்தால், பக்கத்துத் தபால் நிலையத்தில் சொல்லி வைத்து ஒரு மதியம் கம்பெனி வளாகத்திலேயே முடித்துவிடலாம். எந்த எண்ணைக் கொடுப்பது என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுங்கள். இங்கே புதிதாக வாங்கிய ஆஃபர் சிம் வேண்டாம். ஊரிலும் தொடரப்போகிற, அவர் பெயரிலேயே உள்ள எண்ணாக இருக்கட்டும். ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லாத காலத்தில் ஊர் சிம்மைத் தூக்கிப் போட ஒரு காரணமும் இல்லை.

அடுத்தது பழைய யுஏஎன். "முன்னாடி பி.எஃப். இருந்ததா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். பொய் சொல்வதில்லை, அவருக்கே தெரியாது. தீனதயாள் கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் பயிற்சி முடித்து, ஏதோ ஒரு மில்லில் நான்கு மாதம் வேலை பார்த்த பெண்ணுக்கு அங்கே ஒரு எண் உருவாகியிருக்கும். சம்பளச் சீட்டு கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இதற்குமுன் எந்தெந்த ஊரில், எந்தக் கம்பெனியில், எந்த வருடம்? பழைய எண் ஆதாரோடு இணைந்திருந்தால் முகப் பதிவின்போதே தெரிந்துவிடும். இணையாத எண் அப்படித் தெரியாது; அதில் உள்ள பணம் தனியாகக் கிடக்கும். பழைய சேவையைப் புதிய எண்ணுக்கு மாற்றிவிட்டால் இரண்டு லாபம். ஐந்து வருடத்துக்குக் குறைவான சேவையில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் வரிப் பிடித்தம் உண்டு: பான் இருந்தால் 10 சதவீதம், இல்லாவிட்டால் 20. சேவையைச் சேர்த்தால் அந்த ஐந்து வருடம் சீக்கிரம் நிறையும். பத்து வருடம் நிறைந்துவிட்டால் 58 வயதில் பென்ஷனே உண்டு. ஒவ்வொரு கம்பெனியிலும் எடுத்து எடுத்துச் செலவழிப்பவருக்கு அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இதை அவர் மொழியில் ஒருவராவது சொல்ல வேண்டும்.

பெயர் விஷயத்தில் நமக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது: இனிஷியல். வடக்கே அது கிடையாது. ஆனால் நம் கம்பெனிப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருப்பதால், அப்பா பெயரின் முதல் எழுத்தை அதில் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். வங்கியிலும் ஆதாரிலும் இல்லாத அந்த ஓர் எழுத்து போதும், பழைய பதிவுகள் பலவற்றில் கிளெய்ம், அதாவது பணம் கேட்கும் விண்ணப்பம், திரும்பி வர. 'முகமது' என்பது ஓர் ஆவணத்தில் முழுதாகவும் இன்னொன்றில் 'எம்டி' என்று சுருக்கமாகவும் இருக்கும். திருமணத்துக்குப் பின் பெயரின் கடைசிச் சொல் மாறி, குமாரி தேவியாகவோ காத்தூன் பீபியாகவோ ஆகியிருப்பார். இவை எல்லாவற்றுக்கும் விதி ஒன்றே: ஆதாரில் எப்படியோ அப்படி. ஆதாரே தவறென்றால் முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு மற்றதைத் தொடுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு தடவை திருத்த வேண்டிவரும்.

2025 ஜனவரி முதல் ஒரு சலுகை வந்திருக்கிறது. 2017 அக்டோபர் 1க்குப் பின் கொடுத்த, ஆதார் சரிபார்த்த யுஏஎன் என்றால் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி போன்றவற்றைத் தொழிலாளியே ஆன்லைனில் திருத்திக்கொள்ளலாம். ஆவணமும் வேண்டாம், கம்பெனி ஒப்புதலும் வேண்டாம். அதற்கு முந்தைய எண்களுக்கு உங்கள் ஒப்புதல் இன்னும் தேவை. அந்தக் கோரிக்கைகள் உங்கள் லாகினில் வரிசையாகக் காத்திருக்கின்றன. வாரம் ஒரு முறை திறந்து பார்க்கிற கம்பெனிகளை விரல் விட்டு எண்ணலாம். டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாகி மாதக்கணக்காகப் புதுப்பிக்காத அலுவலகங்களும் உண்டு. பணம் கட்ட அந்தக் கையெழுத்து தேவையில்லை, ஆகையால் யாருக்கும் உறைப்பதில்லை.

கான்ட்ராக்டர் வழியாக ஆள் எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தொழிலாளி வேலை செய்வது உங்கள் கேட்டுக்குள், பி.எஃப். கட்டுவது கான்ட்ராக்டரின் பி.எஃப். பதிவு எண்ணில். பாஸ்புக்கில் தெரிவது அவர் கேள்விப்பட்டேயிராத ஒரு நிறுவனப் பெயர். கான்ட்ராக்டர் தொழிலை விட்டுவிட்டாலோ போன் எடுக்காவிட்டாலோ திருத்தம் செய்ய ஆளில்லை. பங்களிப்பு விடுபட்டால் முதன்மை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த சட்டம்தான். திருத்தத்துக்கும் அதே பொறுப்பு உங்களுடையது என்று கான்ட்ராக்ட் ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி சேருங்கள். கான்ட்ராக்டரின் கடைசி பில்லை, அவருடைய ஆட்கள் எல்லோருக்கும் விலகிய தேதி ஏற்றிய பிறகே பாஸ் செய்யுங்கள். இதைவிட வேகமாக வேலை செய்யும் முறை எதையும் நாங்கள் பார்க்கவில்லை.

வங்கி. 2020 ஏப்ரல் 1இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா பஞ்சாப் நேஷனல் வங்கியோடும் இணைந்தன. 2025 மே 1இல் மாநிலத்துக்கு ஒரு கிராம வங்கி என்ற திட்டப்படி பிகார், ஒடிசா, மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் கிராம வங்கிகள் ஒன்றாயின. நம் தையல் லைன்களில் உட்கார்ந்திருப்பவர்களின் கணக்குகள் பெரும்பாலும் இந்த வங்கிகளில்தான். பழைய பாஸ்புக்கில் அச்சாகியிருக்கும் ஐஎஃப்எஸ்சி எண் செல்லாமல் போயிருக்கலாம். சம்பளம் அக்கணக்கில் போகாவிட்டால் சம்பள நாளான சனிக்கிழமையே தெரிந்துவிடும். பி.எஃப். பதிவில் உள்ள பழைய எண் கிளெய்ம் போடும் வரை தூங்கும். சேரும் நாளிலேயே, இருக்கும் ஆட்களுக்கு வருடம் ஒரு முறையாவது, ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிட்டு அந்தக் கணக்கு விவரத்தையே பி.எஃப்.பிலும் ஏற்றுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வங்கிக் கணக்கு இணைப்புக்குக் கம்பெனி ஒப்புதல் தேவையில்லை, காசோலைப் படமும் கேட்பதில்லை. வேலை எளிதாகிவிட்டது, செய்ய ஆள்தான் வேண்டும்.

சம்பளத்தைக் கான்ட்ராக்டரின் சொந்த யுபிஐயிலிருந்து அனுப்பும் வழக்கம் பரவிவிட்டது. எல்லோருக்கும் சுலபம்தான். ஆனால் தொழிலாளியின் போனில் அது யாரோ ஒருவர் 4,200 ரூபாய் அனுப்பியதாகவே பதிவாகிறது. எந்தக் கம்பெனி, எந்த வாரம், எத்தனை ஷிப்ட் என்ற எதுவும் இல்லை. வேலை செய்தேன் என்று நிரூபிக்க வேண்டிய நாளில் அந்தப் பதிவு பாதிக்குக்கூட உதவாது. நிறுவனக் கணக்கிலிருந்து, குறிப்பில் வாரமும் ஷிப்டும் எழுதி அனுப்புங்கள். இன்னொன்று: ஏஜென்ட் கேட்டார் என்று ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்தவர்களின் கணக்குகள் சைபர் மோசடிப் பணம் கடத்தப் பயன்படுகின்றன. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் யாரோ கொடுத்த புகாரில், வேறொரு மாநிலப் போலீஸ் அந்தக் கணக்கை முடக்குகிறது. உள்ளே இருந்த சம்பளமும் சேர்ந்து முடங்குகிறது. ஹாஸ்டல் சுவரில் ஒட்ட வேண்டிய முதல் எச்சரிக்கை இது. அங்கே இப்போது மெஸ் விதிமுறைகள்தான் ஒட்டியிருக்கின்றன.

இனி கணக்கு முடிக்கும் நாள். தொழிலாளி பல நேரம் "விலகுகிறேன்" என்று சொல்வதே இல்லை. லீவு என்று போவார், திரும்ப மாட்டார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் குறைந்த கம்பெனிகள் ஆட்களை "கூப்பிடறோம், வாங்க" என்று சொல்லி அனுப்பியதும் இதே மாதிரிதான். இரு பக்கமும் விலகலை எழுதுவதில்லை; விலகிய தேதிக் கட்டம் காலியாகவே நிற்கும். அது காலியாக இருந்தால் முழுத் தொகைக்கான கிளெய்மும் பென்ஷன் தொகைக்கான கிளெய்மும் போடவே முடியாது. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு தொழிலாளியே அந்தத் தேதியைப் போட வசதி இருக்கிறது. அதற்கும் ஓடிபி வேண்டும், எண் உயிரோடு இருக்க வேண்டும். தேதி தெரியாமல் அவர் ஒன்றைப் போட, அடுத்த கம்பெனியில் சேர்ந்த தேதி அதற்கு முந்தியதாக இருந்தால் இரண்டு சேவையும் ஒன்றின்மேல் ஒன்று விழும். அதைப் பிரித்தெடுப்பதற்குள் ஒரு வருடம் போய்விடும்.

ஆகவே: தொடர்ந்து 45 நாள் வராதவருக்கு அவர் மொழியில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால், கடைசியாக வேலை செய்த நாளை விலகிய தேதியாக ஏற்றுங்கள். 45 என்பது எங்கள் கணக்கு. நடவுக்கும் சட் பூஜைக்கும் போகிறவர்கள் அதற்குள் திரும்பிவிடுவார்கள்.

இந்த அவசரத்துக்குப் புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலை போனதும் 75 சதவீதம் வரை எடுக்கலாம். மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். பென்ஷன் தொகைக்கு 36 மாதம். முன்பு இரண்டுக்கும் இரண்டு மாதம்தான். நிலையான வேலைக்காரருக்கு இது சேமிப்பைக் காக்கும் ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை. நம் ஆட்களைப் பொறுத்தவரை, இரண்டு மாதம் உயிரோடு இருந்தால் போதுமென்றிருந்த செல்போன் எண் இனி மூன்று வருடம் இருக்க வேண்டும். ஓடிபி கிடைக்காதவர்கள் ஊரில் பிரவுசிங் சென்டர்காரரிடம் போவார்கள். அவர் தன் எண்ணையே பதிந்து, பாஸ்வேர்டையும் தானே வைத்துக்கொண்டு, கமிஷன் பேசுவார். கிளெய்ம் வந்த நாளில் பணம் யார் சொன்ன கணக்குக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

நாங்கள் கேட்பது ஒரு விலகல் சீட்டு. அரைப் பக்கம் போதும். பி.எஃப். பதிவில் உள்ளபடி பெயர், 12 இலக்க யுஏஎன், பாஸ்புக்கில் தெரியும் நிறுவனப் பெயரும் உறுப்பினர் எண்ணும், இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசியாகப் பணம் கட்டிய மாதம், பதிவில் உள்ள செல்போன் எண், வங்கிக் கணக்கின் கடைசி நான்கு இலக்கம், பாக்கிச் சம்பளம் எவ்வளவு, என்று வரும், கேள்வி கேட்க ஓர் ஆபீஸ் எண். முழு ஆதார் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். இதை ஒரு போட்டோ எடுத்து அவர் போனுக்கும், ஊரில் குடும்பத்தார் ஒருவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். இதில் எங்கள் கண்டுபிடிப்பு எதுவுமில்லை. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டமே, போட்டோ ஒட்டிய பாஸ்புக் ஒன்றைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் கொடுக்கச் சொன்னது. பனியன் கம்பெனிகளில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அரிது.

பாக்கிச் சம்பளம் பற்றி: 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சம்பளத் தொகுப்புச் சட்டப்படி, விலகினாலும் விலக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். "அடுத்த மாசம் போட்டு விடறோம்" என்பது இனி பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கக்கூடியது அல்ல. நியமனக் கடிதமும் எல்லோருக்கும் கட்டாயம்.

இ.எஸ்.ஐ. பற்றிச் சுருக்கமாக. புதிய ஆளைப் பதிய பத்து நாள் அவகாசம் இருக்கிறது என்று பத்தாம் நாள் வரை காத்திருக்காதீர்கள். வேலையில் நேரும் விபத்துக்கு இத்தனை நாள் பங்களிப்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முதல் நாளே பாதுகாப்பு உண்டு. கட்டிங் மெஷினில் கை வைப்பவர் முதல் வாரத்தில்தான் அதிகம் தடுமாறுவார். விபத்து நடந்த பிறகு பதிவு செய்யப் போனால் அதிகாரி கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. சாதாரண நோய்க்கு வேறு கணக்கு: ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற ஆறு மாதப் பருவத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால் பின்வரும் பயன் பருவத்தில் 70 சதவீதச் சம்பளத்தோடு வருடத்துக்கு 91 நாள் வரை நோய் விடுப்பு. பதிவின்போது குடும்பத்துக்கென்று தனி மருந்தகம் தேர்வு செய்யும் இடம் உண்டு. கிளார்க் அங்கும் திருப்பூரையே போட்டுவிடுகிறார். ஊரில் இருக்கும் மனைவி மக்களுக்கு அவர்கள் மாவட்ட மருந்தகத்தைப் போட ஒரு நிமிடம்தான் ஆகும்.

ரேஷனும் அப்படித்தான். தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் சேர்ந்துவிட்டது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டக் கார்டு வைத்திருப்பவர் தன் பங்கான 5 கிலோவை மட்டும் இங்கே வாங்கலாம், மீதிப் பங்கைக் குடும்பம் ஊரில் வாங்கலாம். இங்கே வாங்கினால் ஊரில் கார்டு ரத்தாகிவிடும் என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் ஏராளம்.

லைனுக்குள் வருவோம். ஒவ்வொரு மெஷின் தலையிலும் டேப்லெட் மாட்டும் கம்பெனிகள் பெருகிவருகின்றன. ஒவ்வொரு துணிக் கட்டோடும் வரும் பண்டில் சீட்டைக் கிழித்து ஒட்டிய காலத்தில் எண்ணிக்கை தவறினால் தொழிலாளி கையில் சீட்டு இருந்தது, சண்டை போடலாம். இப்போது ஸ்கேன் விழாவிட்டால் அந்தப் பண்டில் தைக்கப்படவே இல்லை. திரையில் வரும் எஃபிஷியன்சி, அதாவது வேலைத்திறன் சதவீதம், எப்படி வருகிறது என்று தொழிலாளிக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு உதாரணம்: கழுத்து ரிப் வைக்கும் வேலைக்கு ஒரு பீஸுக்கு 0.5 நிமிடம் நிர்ணயம். 480 நிமிட ஷிப்டில் 600 பீஸ் தைத்தால் 300 நிமிட வேலை, 62.5 சதவீதம். ஆனால் அன்று கட்டிங்கிலிருந்து பீஸ் வராமல் 90 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால், அவருக்குக் கிடைத்த நேரம் 390 நிமிடம்தான். அப்போது அவர் எஃபிஷியன்சி 77 சதவீதத்தை ஒட்டி வரும். ஊக்கத்தொகை 70 சதவீதத்தில் தொடங்கும் கம்பெனியில் இந்த வித்தியாசம் நேராகச் சம்பளத்தில் விழுகிறது. காத்திருந்த நேரத்தைக் கழிக்க மென்பொருளில் வசதி இருக்கும். சூப்பர்வைசர் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் லைன் நின்ற கணக்கு அவர் பெயரில் விழும், ஆகவே அழுத்த மாட்டார். அந்தப் பொத்தானைத் தொழிலாளி கையில் கொடுங்கள், சூப்பர்வைசர் மறுத்தால் காரணம் எழுதட்டும். ஸ்டைல் மாறும் முதல் இரண்டு நாளுக்கு இலக்கைக் குறைத்து வையுங்கள். வேறொருவர் தைத்துத் திரும்பி வந்த ஆல்டர் பீஸைப் பிரித்துத் தைக்கும் நேரத்தையும் மென்பொருளில் தனி வேலையாகப் பதிய வழி செய்யுங்கள். திரையை இந்தியிலும் ஒடியாவிலும் காட்டச் சொல்லி மென்பொருள்காரரிடம் கேளுங்கள். உள்ளூர் டெய்லருக்கும் ஆங்கிலத் திரை அப்படியொன்றும் உதவியாக இல்லை.

ஆள் எடுப்பதும் இப்போது போனில்தான். "18,000 சம்பளம், ரூம் ஃப்ரீ" என்ற வீடியோவைப் பார்த்து வருகிறவருக்கு, அந்த 18,000 ஒன்றரை ஷிப்ட் கணக்கு என்பதும் மெஸ் பிடித்தம் தனி என்பதும் இங்கே வந்தபின்தான் தெரிகிறது. ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், பிடித்தம் என்னென்ன, வழிச்செலவு யார் என்ற நான்கையும் கம்பெனியே தன் எண்ணிலிருந்து குரல் பதிவாக அனுப்பட்டும். முதல் மாதத்திலேயே ஓடிப்போகிறவர்கள் குறைவார்கள்.

2023 மார்ச் தொடக்கத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வட மாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, ஊரிலிருந்து அம்மாக்கள் அழுது போன் செய்ய, பலர் ரயில் ஏறினார்கள். பிகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது, தமிழ்நாடு காவல்துறை மறுப்பு மேல் மறுப்பாக வெளியிட்டது. அந்த வாரத்தில் தொழிலாளியின் போனுக்கு அவர் மொழியில் நேராகப் பேச வழி வைத்திருந்த கம்பெனிகள் எத்தனை? சம்பளச் சீட்டும் விலகல் சீட்டும் போகும் அதே வாட்ஸ்அப் எண், அவசர நாளில் நம்பப்படும் எண்ணாகவும் இருக்கும். வருடம் முழுக்க ஒரு வார்த்தை பேசாத எண்ணிலிருந்து திடீரென்று வரும் மறுப்பை யார் நம்புவார்கள்?

தொழிலாளர் துறைக்கு இரண்டு கோரிக்கைகள். புலம்பெயர் தொழிலாளர் பதிவுக்கான உங்கள் தளத்தில் கம்பெனிகள் ஆட்களை ஏற்றுகின்றன. பதிவான விவரம் தொழிலாளிக்கு அவர் மொழியில் குறுஞ்செய்தியாகப் போகட்டும், விலகலும் அதே தளத்தில் பதிவாகட்டும். புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஏஜென்ட் இல்லாமல் தானாக வந்தவரையும் புலம்பெயர் தொழிலாளி என்கிறது; பத்துப் பேர் இருந்தாலே நிறுவனம் அதற்குள் வரும், ஊர் போய்வரப் பயணப்படியும் உண்டு. ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் வருகைப் பதிவேட்டோடு, விலகிய தேதி நிரப்பாத பெயர்களின் பட்டியலையும் கேட்கத் தொடங்கினால் பாதி வேலை தானாக நடக்கும்.

பி.எஃப். அமைப்புக்கு: ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி நீங்கள் நடத்தும் குறைதீர் முகாம் பெரும்பாலும் வேலை நாளில் வருகிறது. ஒரு நாள் ஷிப்டை விட்டு யாரும் வர மாட்டார்கள். திருப்பூருக்கு மட்டுமாவது ஞாயிற்றுக்கிழமை ஒன்று வையுங்கள், இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் ஆட்களோடு, பக்கத்து மேசையில் ஆதாரில் செல்போன் எண்ணை மாற்றித் தரும் தபால்காரரோடு. ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் பென்ஷன் பங்கைத் திருப்பித் தரலாம் என்று 2024 ஜூனில் விதி மாறியது. அதற்கு முன் நிராகரித்ததை நினைத்து மறுபடி விண்ணப்பிக்காதவர்களுக்கு அதையும் அங்கே சொல்லலாம்.

விலகல் சீட்டின் மாதிரி ஒன்றைத் தமிழ், இந்தி, ஒடியா, வங்காள மொழிகளில் தயாரித்து வைத்திருக்கிறோம். எந்தக் கம்பெனி கேட்டாலும் கட்டணமின்றித் தருகிறோம். உங்கள் சம்பள மென்பொருளிலிருந்தே தானாக அச்சாகும்படி கட்டங்களை அமைத்தும் தருகிறோம்.

இப்படிக்கு,
திருப்பூரில் தொழிலாளர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆவணப் பணி பார்ப்போர்